ஒரு பல்புக்கு எவ்வளவு ஆகும்?

தமிழில் எழுதுகிற நம் எல்லோருக்கும் மௌனத்தின் மேல் தீராத ஒரு காதல் உண்டு. கவிதைத் தொகுப்பு என்றால் தலைப்பிலோ முன்னுரையிலோ ஒரு மௌனம் இருந்தே ஆகவேண்டும். மௌனம் பேசும், மௌனம் கனக்கும், மௌனம் உடையும். அது நம்ம வீட்டுப் பிரச்சினை, நாமே பார்த்துக்கலாம். ஆனால் 2022 மே மாதம் மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா, பிரேசிலின் காஷியாஸ் டோ சுல் நகரில் நடந்த டெஃப்லிம்பிக்ஸில் பேட்மின்டனில் மூன்று தங்கம் வாங்கியபோது, இந்த மௌனச் சரக்கை மொத்தமாகக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் தலையில் கொட்டினோம். என் டைம்லைன் முழுக்க மௌனத்தின் வெற்றி, நிசப்தத்தின் முழக்கம், சத்தமில்லாத சரித்திரம். இதயம் எமோஜி வேறு.

ஒற்றையர், கலப்பு இரட்டையர், அணிப் போட்டி என மூன்றிலும் தங்கம். பள்ளி வயதுப் பெண். அந்த ஒரு வாரத்தில் நான் படித்த பதிவுகள் எதிலும் அவர் நெட்டில் எப்படி ஆடுகிறார், பின்கோர்ட்டிலிருந்து எப்படி அடிக்கிறார், எதிராளியை எந்த மூலைக்கு ஓடவிடுகிறார் என்று ஒரு வரி இல்லை. ஆட்டக்காரரைப் பற்றி ஆட்டத்தைத் தவிர எல்லாவற்றையும் எழுதினோம். ஒரு ஆண் கிரிக்கெட் வீரர் இருபது ரன் அடித்தால் அவருடைய முழங்கை எந்தக் கோணத்தில் இருந்தது என்று அரை மணி நேரம் பேசுகிற ஊர் இது.

எனக்குக் கோபம் மொழிநடையைப் பற்றி அல்ல. காது கேளாத ஒரு பிள்ளை விளையாட்டில் எதிர்கொள்வது மௌனத்தை இல்லை. விளையாட்டை நிறுத்து, தொடங்கு, தப்பு, சரி என்கிற தகவலையெல்லாம் சத்தத்தில் மட்டும் வைத்திருக்கிற நம்முடைய ஏற்பாட்டை. அந்த ஏற்பாட்டை மாற்றக் கொஞ்சம் காசும் கொஞ்சம் முனைப்பும் தேவைப்படும். அந்தக் காசைக் கொடுக்க மனசில்லாமல், அதற்குப் பதிலாக வியப்பைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்கிறோம். வியப்புக்கு பட்ஜெட் ஒதுக்க வேண்டாம், டெண்டர் விட வேண்டாம்.

கொஞ்சம் கணக்கு. சாஃப்ட்வேர்க்காரன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெஃப்லிம்பிக்ஸில் ஆட, நன்றாகக் கேட்கிற காதிலேயே குறைந்தது 55 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும். டெசிபல் என்பது நம்ம பலசரக்குக் கடைத் தராசு மாதிரி நேராக ஏறுகிற அளவு இல்லை. ஒவ்வொரு பத்துக்கும் ஒலியின் செறிவு பத்து மடங்கு. 55 டெசிபல் இழப்பு என்றால், உங்கள் காதுக்கு மட்டுமட்டாக எட்டுகிற ஒலியைவிட மூன்று லட்சம் மடங்குக்கும் மேல் செறிவான ஒலிதான் அந்தக் காதுக்கு மட்டுமட்டாக எட்டும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் வாக்கில் இருக்கும். அதாவது நீங்கள் எதிரில் நின்று பேசுவது, அடுத்த அறையில் யாரோ காகிதத்தைக் கசக்குகிற மாதிரி வந்துசேரும். அதுவும் முழுசாக வராது. பலருக்கு உயிரெழுத்துகள் ஓரளவு காதில் விழும், ஸ, ஷ, ஃப மாதிரி உயர்ந்த அதிர்வெண் ஒலிகள் காணாமல்போகும். வாக்கியத்தில் அங்கங்கே ஓட்டை. அந்த ஓட்டையை மூளை ஊகித்து ஊகித்து நிரப்பிக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க இந்த வேலையைச் செய்கிற பிள்ளைகள் சாயங்காலம் சோர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சிலருக்குக் காதுக்குள் ஓயாத இரைச்சல் வேறு. இதில் மௌனம் எங்கே இருக்கிறது?

“உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவாங்கல்ல?” என்று கேட்கிறவர்கள் கண்ணாடி முன்னால் நின்று, சத்தமில்லாமல் பணம் என்று ஒருமுறையும் மணம் என்று ஒருமுறையும் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் அசையும். க, ங எல்லாம் தொண்டைப் பக்கம் நடக்கிற விவகாரம், வெளியே தெரியவே தெரியாது. இப்போது இதையே முப்பது அடி தள்ளி உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நடுவரின் உதட்டில், ஷட்டில்காக் பறந்துகொண்டிருக்கும்போது, படிக்கச் சொல்லுங்கள்.

என் அக்கா மகள் அப்படித்தான் ஆடுகிறாள். 15 வயது. இரண்டு காதிலும் மெஷின். உள்விளையாட்டு அரங்கத்தில் மெஷின் என்பது பாதி உதவி, பாதி தொல்லை. தகரக் கூரையில் எதிரொலி, எக்ஸாஸ்ட் ஃபேன், ஆறு கோர்ட்டிலும் கிறீச்சிடுகிற ஷூ எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கிக் கொடுக்கும், நடுவரின் குரலை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுக்காது. வியர்வை இறங்கினால் செத்துப்போகும். அக்கா பையில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் சிலிக்கா ஜெல் போட்ட ஒரு டப்பா எப்போதும் இருக்கும். செட்டுக்கு நடுவில் மற்ற அம்மாக்கள் குளுக்கோஸ் கரைப்பார்கள், அக்கா மெஷினைத் துடைப்பாள். ஒருவேளை நாளைக்கு அவள் டெஃப்லிம்பிக்ஸ் வரை போனால் அங்கே மெஷினைக் கழற்றிவிட்டுத்தான் ஆட வேண்டும், விதி அது. அதனால் வாரத்தில் இரண்டு நாள் மெஷின் இல்லாமல் பயிற்சி. ஷட்டில் ராக்கெட்டில் படுகிற சத்தத்தை வைத்தே வருவது ஸ்மாஷா டிராப்பா என்று மற்றவர்கள் பாதி முடிவெடுத்துவிடுவார்கள். இவள் அதை எதிராளியின் தோளில் படிக்கிறாள். பயிற்சியாளருக்குப் பிடித்த விஷயம் இதுதான். “இவளை ஏமாத்த முடியல சார், கை போறதுக்கு முன்னாடியே இவ கால் போயிடுது.”

போன வருடம் ஒரு மாவட்ட அளவிலான போட்டி. ஆரம்பச் சுற்று. அங்கெல்லாம் டிவியில் காட்டுகிற மாதிரி கோட்டு நடுவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள், ஒரு அம்பயர், அவ்வளவுதான். ஆட்டத்தின் நடுவே பக்கத்துக் கோர்ட்டிலிருந்து ஒரு ஷட்டில் வந்து விழுந்தது. அம்பயர் “லெட்” என்றார். எதிர்ப்பக்கப் பெண் நின்றுவிட்டாள். இவளுக்கு வந்து விழுந்ததும் தெரியாது, லெட்டும் தெரியாது, நின்றுகொண்டிருந்த பெண்ணின் தோளில் போய் விழுந்தது ஸ்மாஷ். அம்பயர் மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டினார். அதன் பிறகு நடந்த உரையாடலை அப்படியே தருகிறேன், நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“மேடம், நான் மூணு தடவை லெட்டுன்னு கத்தினேன்.”

“சார், அவளுக்குக் காது கேக்காதுன்னு ஃபார்ம்லயே எழுதியிருக்கோம்.”

“அதுக்கு நான் என்ன பண்ண முடியும் மேடம்? ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒருத்தருக்கு மட்டும் சலுகை குடுத்தா அந்தப் பொண்ணோட அப்பா வந்து என்கிட்ட சண்டைக்கு நிப்பாரு.”

“கையைத் தூக்கினாப் போதும் சார்.”

“அம்பயர் கையைத் தூக்கணும்னு ரூல்ல இல்லையே மேடம்.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. பிற்பாடு வந்து “நல்லா ஆடுது பாப்பா, ஒரு குறையும் தெரியல” என்று தலையில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அந்தத் தட்டிக்கொடுத்தல்தான் அட்டையைவிட உறைத்தது.

பேட்மின்டன் சைகையே இல்லாத ஆட்டமா என்றால், இல்லை. கோட்டுக்கு வெளியே விழுந்தால் கோட்டு நடுவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். உள்ளே விழுந்தால் வலது கையைக் கோட்டை நோக்கி நீட்டுவார். பார்க்க முடியவில்லை என்றால் கண்ணைப் பொத்திக்கொள்வார். சர்வீஸ் தவறுகளுக்கென்று தனித்தனியாகக் கைச்சைகைகள். இரட்டையர் ஆட்டத்தில் சர்வீஸ் போடுகிறவர், குட்டையாகப் போடப்போகிறாரா தூக்கிப் போடப்போகிறாரா என்பதை முதுகுக்குப் பின்னால் விரலால் கூட்டாளிக்குச் சொல்வார். ஒழுங்கு மீறினால் மஞ்சள், சிவப்பு, கறுப்பு அட்டைகள். ஆக, தண்டிக்கக் கண்ணுக்குத் தெரிகிற சிக்னல் இருக்கிறது. நிறுத்தச் சொல்ல மட்டும் வாய்தான். அன்றைக்கு அந்தக் கோர்ட்டில் நடுவர் சொன்னவற்றில் அவளுக்கு முழுசாக எட்டியது அந்த மஞ்சள் அட்டை ஒன்றுதான்.

சலுகை என்கிற அந்த வார்த்தைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

நூறு மீட்டர் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிச் சத்தம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். முதல் லேனுக்குப் பக்கத்தில் நின்று சுட்டால், எட்டாவது லேன்காரருக்குச் சத்தம் எட்டரை மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்துதான் போகும். தாமதம் சுமார் 25 மில்லிசெகண்ட். கண் இமைக்கிற நேரத்தில் கால்வாசிகூடக் கிடையாது. ஆனாலும் இது அநியாயம் என்று விளையாட்டு உலகம் முடிவு செய்தது. ஒவ்வொரு ஓட்டக்காரரின் முதுகுக்குப் பின்னாலும் ஒரு ஸ்பீக்கர் வைத்தார்கள். ஒலிம்பிக்கில் துப்பாக்கியே மின்னணுக் கருவியாகிவிட்டது, அழுத்தினால் எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே கணத்தில் சத்தம். காது நன்றாகக் கேட்கிறவர்களுக்குள் இருந்த 25 மில்லிசெகண்ட் வித்தியாசத்தைச் சரிசெய்ய இத்தனை வயர், இத்தனை பெட்டி, இத்தனை டெக்னீஷியன். இதை யாரும் சலுகை என்று சொல்லவில்லை. தொழில்நுட்பம் என்றார்கள். சமநீதி என்றார்கள்.

அதே ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒரு பல்பு வைக்கச் சொன்னால் அது சலுகை.

இத்தனைக்கும் பல்பு வைத்தாலும் காது கேளாதவருக்கு முழு நியாயம் கிடைத்துவிடாது. மனித மூளை சத்தத்துக்கு 140 முதல் 160 மில்லிசெகண்டில் எதிர்வினை காட்டும், வெளிச்சத்துக்கு 180 முதல் 200 வரை ஆகும். ஆக பல்பைப் பார்த்து ஓடுகிறவர் சத்தத்தைக் கேட்டு ஓடுகிறவரைவிடப் பின்தங்கித்தான் கிளம்புகிறார். பல்பு இல்லாவிட்டால்? பக்கத்து லேன்காரர் அசைவதைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். அடுத்தவருடைய எதிர்வினை நேரத்தின் மேல் தன்னுடையதையும் கூட்டிக்கொள்கிற ஓட்டம். நம்ம ஊர் மைதானங்களில் காது கேளாத பிள்ளைகள் பலர் இப்படித்தான் ஓடுகிறார்கள். தடகள விதிகளில் காது கேளாதவர்களுக்கு விளக்கு வைக்க அனுமதி உண்டு, அதை வெளியுதவியாகக் கணக்கிடக் கூடாது என்றும் இருக்கிறது. விதியில் இருக்கிறது, மைதானத்தில் இல்லை.

விளக்கு வேலை செய்யுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு: 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவின் டெரன்ஸ் பார்க்கின், காது கேளாத நீச்சல்வீரர், ஸ்டார்ட்டருக்குப் பதில் ஒரு ஒளிவிளக்கைப் பார்த்துக் குதித்தார். 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் வெள்ளி. டெஃப்லிம்பிக்ஸில் இல்லை, ஒலிம்பிக்கில். இந்தப் பிரச்சினைக்கான தீர்வு உலகத்தின் மிகப் பெரிய மேடையில் சோதித்துப் பார்க்கப்பட்டு கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. என் தொழிலில் இதை புரொடக்‌ஷனில் ஓடிக்கொண்டிருக்கிற கோடு என்போம். நாம் இன்னும் மீட்டிங் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நம்ம ஆட்டம் கபடியில் இன்னொரு விசித்திரம். பாடிப் போகிறவர் மூச்சு விடாமல், நடுவருக்குக் கேட்கிற மாதிரி கபடி கபடி என்று பாடியாக வேண்டும். மூச்சுதான் கடிகாரம், நடுவரின் காதுதான் அளவுகோல். சரி, மரபு. ஆனால் இப்போது ஒவ்வொரு ரெய்டுக்கும் முப்பது விநாடிக் கடிகாரம் வந்துவிட்டது. திரையில் எண்கள் குறைவதைப் பார்க்கப் பார்வையாளருக்கு விறுவிறுப்பு. டிவிக்காக என்றால் மரபுக்குள் ஒரு கடிகாரத்தைக் கொண்டுவர முடிகிறது. பேச்சு வராத ஒரு பையனுக்காக அந்தக் கடிகாரத்தை மட்டும் வைத்து ஆடலாமே என்று கேட்டுப் பாருங்கள், மரபு கண்ணீர்விட ஆரம்பிக்கும்.

காது கேளாதவர்களுக்காகச் செய்கிற எதுவும் மற்றவர்களுக்கு நஷ்டம் என்கிற எண்ணமும் தப்பு. அமெரிக்க ஃபுட்பாலில் ஆட்டக்காரர்கள் தோளோடு தோள் வட்டமாகக் குனிந்து நின்று திட்டம் பேசுவார்களே, ஹடில், அதை 1890களில் ஆரம்பித்ததாகச் சொல்லப்படுவது வாஷிங்டனில் உள்ள காலடெட் என்கிற காது கேளாதோர் கல்லூரியின் அணி. எதிரணியும் காது கேளாதவர்களாக இருந்தால் சைகையைத் தூரத்திலிருந்தே படித்துவிடுவார்கள் அல்லவா, அதை மறைக்கத்தான் வட்டம். இன்று என் ஆபீஸில் தினமும் காலை ஸ்லாக்கில் ஹடில் போடுகிறோம். அது என்ன தெரியுமா? ஆடியோ கால். காது கேளாதவர்களிடமிருந்து பேரை எடுத்துக்கொண்டு, காது இருந்தால் மட்டும் நுழையக்கூடிய ஒரு அறைக்கு வைத்திருக்கிறோம்.

காசு விஷயத்துக்கு வருவோம். அங்கேதான் வியப்பின் உண்மையான எடை தெரியும்.

2016இல் ரியோ பாராலிம்பிக்ஸில் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றபோது மத்திய அரசின் பரிசு 75 லட்சம். ஒலிம்பிக் தங்கத்துக்கும் அதே தொகை. நியாயமான விஷயம். மறு ஆண்டு துருக்கியின் சாம்சுன் நகரில் டெஃப்லிம்பிக்ஸ். அங்கே தங்கத்துக்கு அதே மத்திய அரசின் பரிசு 15 லட்சம். ஐந்தில் ஒரு பங்கு. காது கேட்காவிட்டால் தங்கத்தின் தரமும் குறைந்துவிடும் போலிருக்கிறது. அந்த அணி ஐந்து பதக்கங்களோடு 2017 ஆகஸ்ட் 1 அன்று டெல்லி விமான நிலையத்தில் வந்து இறங்கியது. வரவேற்க அமைச்சகத்திலிருந்து ஆள் இல்லை. விமான நிலையத்தை விட்டு நகர மாட்டோம் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் போட்டிகளில் ஜெர்லின் அனிகாவும் ஆடியிருந்தார், வயது 13. ஐந்து வருடம் கழித்து நாம் மௌனக் கவிதை எழுதிய பெண் அந்த நாட்டிலிருந்துதான் ஆடப் போயிருந்தார்.

சாம்சுனில் தங்கம் வென்றவர் ஹரியானாவின் மல்யுத்த வீரர் வீரேந்தர் சிங். அவரை ஊரில் கூப்பிடுகிற பெயர் கூங்கா பஹல்வான், ஊமைப் பயில்வான். அந்தப் பேரிலேயே ஒரு ஆவணப்படமும் இருக்கிறது. 2002இல், சின்ன வயதில், காது கேட்கிற பையன்களோடு மோதி தேசிய அளவில் ஜெயித்தார். உலகப் போட்டிக்குப் போக வேண்டியவர். காது கேளாது, அதனால் அனுப்ப முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். மல்யுத்தம்! இரண்டு பேர் ஒருவரையொருவர் கட்டிப் புரள்கிற, நடுவர் எட்டிக் கையை வைத்தால் தோளைத் தொட்டுவிடக்கூடிய ஆட்டம். விசில் கேட்காவிட்டால் ஒரு தட்டு தட்டினால் முடிந்தது. அந்தத் தட்டுக்கு ஏற்பாடு செய்வதைவிட ஒரு பையனின் வாய்ப்பை எடுத்துவிடுவது நமக்குச் சுலபமாக இருந்தது. பிறகு மெல்போர்ன், சோஃபியா, சாம்சுன் என மூன்று டெஃப்லிம்பிக்ஸ் தங்கம். அர்ஜுனா விருது. 2021 நவம்பரில் பத்மஸ்ரீ. விருது வாங்கிய மறுநாள் அந்தப் பதக்கத்தையும் எடுத்துக்கொண்டு டெல்லி ஹரியானா பவன் வாசலில் நடைபாதையில் உட்கார்ந்தார். பாராலிம்பிக் வீரர்களுக்குத் தருவதை எங்களுக்கும் தாருங்கள் என்பதுதான் கேள்வி. அதற்கு இரண்டு மாதம் கழித்து பஞ்சாபின் செஸ் வீராங்கனை மலிகா ஹாண்டா சைகை மொழியில் ஒரு வீடியோ போட்டார். காது கேளாதோர் விளையாட்டுக்கு மாநிலத்தில் கொள்கையே இல்லை என்று அமைச்சர் கையை விரித்துவிட்டதாகச் சொன்னார். முகத்தில் இருந்த ஆத்திரத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

“ஏன் பாராலிம்பிக்ஸிலேயே சேர்ந்துகொள்ளக் கூடாது?” என்பது வழக்கமான கேள்வி. பாராலிம்பிக்ஸ் 1960இல் ரோமில் ஆரம்பித்தது. காது கேளாதோர் 1924லேயே பாரிஸில், ஒன்பது நாடுகளோடு, தங்களுக்கென்று உலகப் போட்டி நடத்திவிட்டார்கள். இடையில் சர்வதேச பாராலிம்பிக் அமைப்போடு சேர்ந்திருந்தார்கள், 1995இல் வெளியேறினார்கள். அவர்கள் நடத்துகிற போட்டியில் எல்லாமே கண்ணுக்கு. நிர்வாகமும் காது கேளாதவர்கள் கையில். அதை விட்டுவிட்டு வந்து மொழிபெயர்ப்பாளருக்காகக் கையேந்த அவர்களுக்கு விருப்பமில்லை. அந்தச் சுயமரியாதைக்கு நாம் கட்டச் சொல்கிற அபராதம்தான் அந்த ஐந்தில் நான்கு பங்கு.

இன்னொரு கேள்வி இதற்கு நேர் எதிரானது. “தனியா டெஃப்லிம்பிக்ஸ் இருக்கில்ல, பொதுப் போட்டியில எதுக்கு வந்து கஷ்டப்படணும்?” என் அக்காவிடம் ஒரு பேராசிரியரே கேட்டார். ஒரு மாவட்டத்தில் 15 வயதில், பேட்மின்டன் ஆடுகிற, காது கேளாத பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களோடு மட்டும் ஆடி ஒருத்தி எப்படித் தேறுவாள்? சனி ஞாயிறு தோறும் நடக்கிற சாதாரணப் போட்டிகளில் தோற்றுத் தோற்றுத்தான் எல்லா ஆட்டக்காரர்களும் வளர்கிறார்கள். அந்தத் தோல்விகள் இவளுக்கும் வேண்டும். ஆட்டத்தில் தோற்கிற தோல்வி. லெட் கேட்காமல் தோற்கிறது அந்தக் கணக்கில் வராது.

ஹரியானாவின் திக்‌ஷா டாகரைப் பாருங்கள். சின்ன வயதிலிருந்தே காது மெஷின். டெஃப்லிம்பிக்ஸில் 2017இல் வெள்ளி, 2022இல் தங்கம். நடுவில் டோக்கியோ ஒலிம்பிக்கில் காது கேட்கிறவர்களோடு ஆடினார். எந்த ஆட்டம்? கோல்ஃப். பந்து காத்திருக்கும், விசில் கிடையாது, யாரும் கத்த மாட்டார்கள், கத்தினால்தான் தப்பு. அங்கே காது ஒரு பொருட்டே இல்லை, அதனால் அவருக்குக் குறையும் இல்லை. அதே பெண் ஓட்டக்காரியாகியிருந்தால் முதல் நொடியிலேயே மாற்றுத்திறனாளி ஆகியிருப்பார். குறையில் எத்தனை சதவிகிதம் காதில் இருக்கிறது, எத்தனை சதவிகிதம் ஆட்டத்தின் வயரிங்கில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆவது பிரிவு விளையாட்டைப் பற்றியேதான் பேசுகிறது. வசதிகளை மாற்றியமைப்பது அரசின் கடமை என்கிறது. அதே சட்டத்தில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கேட்புக் குறைபாடு என்று அது கணக்கில் எடுப்பது 60 டெசிபலிலிருந்து. டெஃப்லிம்பிக்ஸ் வரம்பு 55. ஆக 57 டெசிபல் இழப்புள்ள ஒரு பையன் உலக மேடையில் காது கேளாதவன், சான்றிதழ் தருகிற மேசையின் முன்னால் காது கேட்பவன். நடுவர் முன்னால் மட்டும் எப்போதுமே சொல்பேச்சு கேட்காதவன்.

“நல்லா கேக்குற பிள்ளைங்களுக்கே கிரவுண்டுல பாத்ரூம் இல்ல, இதுல பல்பு வேறயா?” என்று ஒரு நண்பர் கேட்டார். பாத்ரூமும் வேண்டும்தான். ஆனால் இந்த வாதத்தை வைக்கிற யாரும் தொடக்க விழா மேடைக்கு சவுண்ட் சர்வீஸ் சொல்லும்போது அதை வைத்து நான் பார்த்ததில்லை. ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி நான்கு, ஜெனரேட்டர் ஒன்று, மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ, தலைவர் நாற்பது நிமிடம் பேசுவார். இதில் கலந்துகொள்ளும் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாராட்டும் உண்டு. பாராட்டு முழுவதும் மைக்கில். அவர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர்கள் எப்போது கைதட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு இருப்பார்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூட்டிவர வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

நம்ம பழமொழி ஒன்று இருக்கிறதே, செவிடன் காதில் ஊதிய சங்கு. சொல்கிறவர்கள் எல்லோருமே பழியைக் காதின் மேல்தான் போடுகிறார்கள். காது கேளாதவர் என்று தெரிந்தும் சங்கை எடுத்து ஊதிக்கொண்டிருக்கிற ஆளின் புத்தியைப் பற்றி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்டதெல்லாம் போதும், செய்து பார்ப்போம் என்று இந்த வருடம் ஒரு வேலை செய்தேன். பன்னிரண்டு வோல்ட் எல்இடி பட்டை இரண்டு, தையல் மெஷினில் வருகிற மாதிரி ஒரு கால் ஸ்விட்ச், அடாப்டர், பத்து மீட்டர் வயர். நெட் கம்பம் இரண்டிலும் பட்டையைக் கட்டி, ஸ்விட்சை நடுவர் காலடியில் வைத்தாயிற்று. லெட் என்று சொல்லும்போது காலால் ஒரு மிதி, இரண்டு கம்பமும் சிவப்பாக எரியும். மொத்தச் செலவு 640 ரூபாய். டீ, வடை உட்பட இல்லை. பயிற்சி கோர்ட்டில் இரண்டு மாதமாக ஓடுகிறது. காது நன்றாகக் கேட்கிற பிள்ளைகளும் அதைப் பார்த்துத்தான் நிற்கிறார்கள், தகரக் கூரைச் சத்தத்தில் அவர்களுக்கும்தான் எதுவும் கேட்பதில்லை.

அக்கா போட்டி அமைப்பாளர்களுக்கு ஒரு மனு எழுதினாள். கேட்டது மூன்று விஷயம்: லெட்டுக்கும் ஃபால்ட்டுக்கும் நடுவர் கையைத் தூக்க வேண்டும், ஸ்கோர் பலகை ஆடுகிறவர்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், இந்த பல்பைக் கட்ட அனுமதி வேண்டும், செலவு எங்களுடையது. பத்து நாள் கழித்து ஃபோன் வந்தது. ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். பல்பு விஷயம் கமிட்டியில் வைக்க வேண்டியது, இந்த வருடம் கஷ்டம், மற்ற பெற்றோர் ஆட்சேபிப்பார்கள். ஆனால் பாப்பா எல்லாருக்கும் ஒரு முன்மாதிரி, அதனால் தொடக்க விழாவில் பாப்பா கையால்தான் குத்துவிளக்கு ஏற்றணும்னு எல்லாருமே ஆசைப்படுறாங்க.

வருகிறோம், எங்கள் விளக்கையும் எடுத்துக்கொண்டு வருகிறோம் என்று அக்கா வாட்ஸ்அப்பில் பதில் போட்டிருக்கிறாள். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.